மூன்று டப்பா மருந்தும் பொய் சொன்ன ஒரு தராசும்

போன வாரம், வீட்டில் நானே நிரப்பிய 20 தோட்டாக்களைச் சுட்டு முடித்துவிட்டு, குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராப்பின் பட்டியலைப் பார்த்தேன். அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் நடுவே வினாடிக்கு 38 அடிதான் வித்தியாசம். இருபதையும் தராசில் தனித்தனியாக நிறுக்காமல், மருந்தை அளந்து இறக்கும் மெஷரின் கைப்பிடியைத் தூக்கி இறக்கியே நிரப்பியிருந்தேன். இந்த இடத்துக்கு வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. மூன்று டப்பா வெடிமருந்து போயிற்று. பாதி நேரம் நான் திட்டியது மருந்தை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

துப்பாக்கி 223 ரெமிங்டன், ஒவ்வொரு தடவையும் கைப்பிடியைத் தூக்கித் திறக்கும் போல்ட் வகை. குழாய் 24 அங்குலம், குண்டைச் சுழற்றிவிடும் உள்வரி 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு 55 கிரெயின், அதாவது சுமார் 3.56 கிராம். பெயரில் 223 என்று இருந்தாலும் குண்டின் விட்டம் 0.224 அங்குலம், 5.69 மில்லிமீட்டர். புதிதாக வருகிறவர்கள் குண்டு வாங்கும்போது இதில்தான் முதலில் குழம்புவார்கள். கருவிகள் சாதாரணமானவை: தோட்டாவை அழுத்தி உருவாக்கும் ஒற்றை நிலைப் பிரஸ், அதில் மாட்டும் டை செட், சுழலும் உருளை வைத்த பவுடர் மெஷர், ஒரு மின்னணுத் தராசு, காலிப்பர், புனல், 50 குழி போட்ட மரக்கட்டை.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டாவுக்கு எத்தனை கிரெயின் போட்டேன் என்ற எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. என் குழாயில் ஒத்துப்போன அளவு உங்கள் குழாயில் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கலாம். மருந்து தயாரிப்பாளரும் குண்டு தயாரிப்பாளரும் வெளியிடும் கையேடுகள் இருக்கின்றன. ஆரம்ப அளவை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டில் தோட்டா நிரப்ப உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா, எவ்வளவு மருந்து வைத்துக்கொள்ளலாம் என்பதையும் டப்பா வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

முதல் டப்பாவை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கையேட்டைத் திறந்தேன், 55 கிரெயின் குண்டுக்கான பக்கத்துக்குப் போனேன், வேகம் எழுதியிருக்கும் கடைசிப் பத்தியில் எது பெரிய எண்ணோ அதில் விரலை வைத்தேன். அவ்வளவுதான். அது உருண்டை மருந்து. கடுகைவிட மிகச் சின்ன, கொஞ்சம் தட்டையான மணிகள். மெஷரில் ஊற்றினால் தண்ணீர் மாதிரி ஓடியது. 20 தடவை இறக்கி ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தபோது மொத்த ஏற்ற இறக்கமே 0.1 கிரெயின். 6.5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட என்ன வேண்டும் என்று இருந்தது.

குளிர்காலத்தில் அளவை 0.3 கிரெயின் படிகளாக ஏற்றினேன். 8 டிகிரி செல்சியஸில் சராசரி வினாடிக்கு 3,150 அடி வந்தது. மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர்கள் ஓரம் உருண்டையாகவே இருந்தன, போல்ட் லேசாகத் தூக்கியது; அழுத்தம் மிஞ்சியதாக அடையாளம் இல்லை. சரி, வேலை முடிந்தது என்று 60 தோட்டா நிரப்பி வைத்துவிட்டேன்.

கோடையில் அதே தோட்டாக்களை எடுத்துக்கொண்டு போனேன். 37 டிகிரி. பெட்டியை வெயிலில் மேசைமேல் திறந்தே வைத்திருந்தேன், அது என் புத்திசாலித்தனம். ஏழாவது தோட்டாவில் போல்ட் கைப்பிடி சட்டென்று வரவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. கூட்டை, அதாவது தோட்டாவின் பித்தளை உறையை, எடுத்துப் பார்த்தால் ப்ரைமர் குழியை நிரப்பித் தட்டையாகிக் கிடந்தது. கூட்டின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு பளபளப்பான வட்டம், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம். அதுவரை சுட்டவற்றின் சராசரி 3,235 அடி. மருந்தின் எடையை நான் ஏற்றவில்லை, அழுத்தத்தை வெயில் ஏற்றிவிட்டது.

அன்றைக்கு அதோடு நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து, முன்பு சுட்டது போக மிச்சமிருந்த 23 தோட்டாக்களையும் சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் மாட்டி, கட்டையில் அடித்து அடித்துக் குண்டைக் கழற்றினேன். மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. மருந்து ஒரே வகைதான் என்று தெரிந்திருந்தும் திரும்ப டப்பாவில் கொட்ட மனம் வரவில்லை.

இன்னொரு சின்னச் சோதனையும் செய்தேன், சலிப்பில் செய்தது. உருண்டை மருந்து கனமாக அடர்ந்து உட்காரும். என் அளவு, கூடு கழுத்தாகக் குறுகும் தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதனால் உள்ளே கொஞ்சம் காலி இடம். குழாயை வானத்தைப் பார்க்கத் தூக்கி, மெதுவாக இறக்கிச் சுட்டால் மருந்து ப்ரைமர் பக்கம் சாய்ந்திருக்கும். தரையைப் பார்க்கத் தாழ்த்தி, மெதுவாக ஏற்றிச் சுட்டால் குண்டின் பக்கம். அளவைக் குறைத்த தோட்டாக்களில் இப்படி ஐந்து, அப்படி ஐந்து சுட்டேன். சராசரியில் 35 அடி வித்தியாசம். மேசையில் வைத்துச் சுடுகிறவருக்கு இது பெரிதில்லை. கண்ட கோணத்தில் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுகிறவருக்குப் பெரிதுதான்.

உருண்டை மருந்தே மோசம் என்று நான் சொல்லவில்லை. வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத உருண்டை மருந்துகளும் உண்டு. கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் பற்றும் என்பதால் சில அளவுகளுக்குக் கையேடே இன்னும் வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் ப்ரைமர் போடச் சொல்லும். நான் வாங்கியது எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே.

இரண்டாவது டப்பாவை எரிவேகப் பட்டியலைப் பார்த்து வாங்கினேன். மருந்துகளை வேகமாக எரிவதிலிருந்து மெதுவாக எரிவது வரை வரிசையாக அடுக்கியிருக்கும் அட்டவணை. அதிலும் ஒரு தப்புச் செய்யப் பார்த்தேன். பட்டியலில் பக்கத்துப் பக்கத்து இடம் என்றால் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் என்று எண்ணினேன். பட்டியல் என்பது கியூ மாதிரி. யார் முன்னால், யார் பின்னால் என்றுதான் சொல்லும். நடுவே எத்தனை அடி இடைவெளி என்று சொல்லாது. நல்ல வேளையாக நிரப்பும் முன் கையேட்டைத் திறந்தேன். இரண்டு மருந்துக்கும் உச்ச அளவில் ஒன்றரை கிரெயினுக்கு மேல் வித்தியாசம்.

இது நீளத் துண்டு மருந்து. பென்சில் முனையை நறுக்கிப் போட்ட மாதிரி, ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். வெப்பத்துக்கு அசையாது என்று பேர் வாங்கியது. முதல் நாளே தெரிந்துவிட்டது: மெஷரின் கைப்பிடியைத் திருப்பினால் நறுக், நறுக் என்று கைக்கு வரும். உருளையின் விளிம்பு மணிகளை வெட்டுகிறது. 20 தடவை இறக்கி நிறுத்தால் 0.6 கிரெயின் ஏற்ற இறக்கம்.

அதைவிட மோசம் புனல். 223 கூட்டின் வாய் ஒரு சாதாரணப் பென்சில்கூட நுழையாத அளவு. ஒரு நாள் ராத்திரி, 50 கூடுகளைக் கட்டையில் நிறுத்தி வரிசையாக நிரப்பிக்கொண்டு போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு கூட்டிலிருந்து புனலை எடுத்து அடுத்த கூட்டில் வைத்தபோது ‘சர்’ என்று ஒரு சத்தம், நான் இன்னும் எதையும் ஊற்றவில்லை. முந்தைய கூட்டுக்கு ஊற்றிய மருந்தில் பாதி புனலின் கழுத்தில் துண்டுகள் குறுக்கும் நெடுக்குமாக மாட்டி, பாலம் கட்டி நின்றிருக்கிறது. புனலைத் தூக்கிய குலுக்கலில் பாலம் உடைந்து அடுத்த கூட்டுக்குள் விழுந்துவிட்டது. கவனிக்காமல் அதன்மேல் ஒரு முழு அளவையும் ஊற்றியிருந்தால் வழிந்திருக்கும், அது கண்ணில் பட்டிருக்கும். ஆனால் முதல் கூட்டில் பாதிதான் இருக்கிறது என்பது மேலே இருந்து பார்த்தால் தெரிந்திருக்காது. டார்ச்சை அடித்து ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்தேன். அந்த ஒன்றில் மட்டும் மருந்து கிணற்றின் அடியில் இருப்பதுபோல் எங்கோ கீழே இருந்தது. பாதி மருந்தில் குண்டு குழாயின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஐம்பதையும் கவிழ்த்துக் கொட்டினேன். அன்றிலிருந்து குண்டு வைக்கும் முன் டார்ச் கட்டாயம்.

அதற்குப் பிறகு மெஷரை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் போட ஆரம்பித்தேன். மெஷரில் கொஞ்சம் குறைவாக இறக்கி, டிரிக்லரைத் திருகித் திருகி மணி மணியாக விழவிட்டு நிறைவு செய்வது. 50 தோட்டாவுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம். இவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சுட்டால், 100 மீட்டரில் ஓட்டைகள் பக்கவாட்டில் ஒட்டி ஒட்டியும் மேலும் கீழும் நீண்டும் விழுந்தன. நூல் பிடித்தாற்போல் ஒரு செங்குத்துக் கோடு. வேகத்தில் 110 அடி வரை வித்தியாசம்.

மருந்துதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து மேசையில் சுடும் ஒரு பெரியவர் என் இலக்குத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, மருந்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி தராசை ஒரு தடவை சோதிச்சீங்களா?”

சோதித்ததே இல்லை. தராசோடு வந்த 50 கிராம் கட்டியை வைத்துத் தொடக்கத்தில் சரி செய்வேன், அதோடு சரி. ஒன்றரை கிராம் சுற்றளவில் நிறுக்கும் வேலைக்கு 50 கிராம் கட்டியை நம்பியிருந்தேன். சின்னச் சோதனை எடைக்கற்கள் ஒரு செட் வாங்கி வந்து, 25 கிரெயினுக்குக் கற்களை அடுக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வைத்து எடுத்தேன். தராசை அப்போதுதான் போட்டிருந்தேன். ஆரம்பத்தில் 25.0. பத்து நிமிடத்தில் 25.1. நாற்பது நிமிடத்தில் 25.3. மின்விசிறியை நிறுத்தினால் எண் குதிப்பது நின்றது, நகர்வது நிற்கவில்லை. பக்கத்தில் கிடந்த கைப்பேசியை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தேன், கொஞ்சம் அடங்கியது. ஒரு மணி நேரம் போட்டு வைத்துச் சூடாக விட்ட பிறகுதான் ஓர் இடத்தில் நின்றது. ஆக, நான் ராத்திரி நிரப்பிய 50 தோட்டாவில் முதலாவதும் கடைசியும் ஒரே எடை இல்லை. தராசு ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டே மெல்ல மெல்ல மருந்தைக் குறைத்துக்கொண்டு போயிருக்கிறது. குறைத்தது என் அதிர்ஷ்டம். அந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கூட்டியிருக்கும்.

இப்போது பழைய மாதிரித் தண்டுத் தராசு ஒன்று வைத்திருக்கிறேன். மின்சாரம் வேண்டாம், சூடாக வேண்டாம். காற்றுக்கு மட்டும் ஆடும். மூன்று பக்கமும் அட்டை வைத்துவிட்டேன். மெதுவானதுதான். ஆனால் மெஷர் இறக்குவதைப் பத்துக்கு ஒருமுறை சரிபார்க்க அது போதும்.

தராசு சரியான பிறகு அதே நீளத் துண்டு மருந்தை மறுபடி நிரப்பிச் சுட்டேன். ஐந்து குண்டு வீதம் நான்கு தாள். ஓட்டைகள் பரவிய தூரம் சராசரி 21 மில்லிமீட்டர். செங்குத்துக் கோடு காணாமல் போய்விட்டது. மருந்திடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஒப்பிட்டுச் சொன்னால், உருண்டை மருந்து இதே தூரத்தில் 34 மில்லிமீட்டர் கொடுத்திருந்தது. அதில் எவ்வளவு மருந்தின் பங்கு, எவ்வளவு தராசின் பங்கு என்று பிரிக்க இப்போது வழியில்லை.

இங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒருநாள் சுடுகிறவனுக்கு, ஐம்பது தோட்டாவுக்கு இரண்டு மணி நேரம் டிரிக்லரைத் திருகிக்கொண்டு உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் கடைசிப் பத்துக்குக் கவனம் இருக்காது. மருந்து நிரப்புகையில் கவனம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று புனல் ஏற்கெனவே காட்டியிருந்தது.

மூன்றாவது டப்பாவுக்கு நேர்மாறான வழியில் போனேன். கையேட்டில் என் குண்டுக்குப் பட்டியலிட்டவற்றில், கூட்டைக் கிட்டத்தட்ட முழுவதும் நிரப்பும் மருந்துகளை மட்டும் தனியாக எழுதினேன். அதில் வெப்பத்துக்கு அசையாதது என்று தயாரிப்பாளர் சொல்பவை. அதிலும் குட்டையாக நறுக்கிய துண்டு. வேகப் பத்தியைக் கடைசியாகத்தான் பார்த்தேன்; முதல் டப்பாவைவிடக் கையேட்டுக் கணக்கில் 80 அடி குறைவு. 100 மீட்டர் தாளுக்கு அந்த 80 அடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

டப்பாவைத் திறந்ததும் சுடப் போகவில்லை. மெஷரைத்தான் எடுத்தேன். 20 தடவை இறக்கினால் ஏற்ற இறக்கம் 0.2 கிரெயின். கைப்பிடியை ஒரே வேகத்தில் தூக்கி, மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை மெல்லத் தட்டினால்தான் இந்த 0.2, மனம்போல ஆட்டினால் 0.4 ஆகிவிடும். மருந்துத் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினாலும் எடை கொஞ்சம் குறைகிறது, அதனால் பாதி ஆனதும் நிரப்பிவிடுகிறேன். புனலின் கழுத்தில் ஒரு தடவைகூடப் பாலம் கட்டவில்லை.

அப்புறம் வழக்கமான வரிசை. கூடுகளின் நீளத்தைக் காலிப்பரில் அளந்தேன், 44.70 மில்லிமீட்டரைத் தாண்டினவற்றை 44.45-க்கு வெட்டினேன். முழுத் தோட்டாவின் நீளம் 57.40-க்குள். ஆரம்ப அளவிலிருந்து 0.3 கிரெயின் படிகள், படிக்கு ஐந்து தோட்டா. ஒவ்வொரு கூட்டின் அடியிலும் மார்க்கரில் படியின் எண். நான்காவது படியில் மேலும் கீழும் அலைவது அடங்கியது. ஐந்தாவதிலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே ஒரு எடையில் நின்றுகொண்டேன். மெஷர் ஒரு மணி கூட இறக்கினாலும் குறைய இறக்கினாலும் அந்த அமைதியான இடத்துக்குள்ளேயே இருக்கும். உச்ச அளவுக்கு ஒரு கிரெயின் கீழே. சராசரி 3,070 அடி.

இந்த முறை கோடைக்காகக் காத்திருந்தேன். தோட்டாக்களை வெயிலில் வைக்கவில்லை, நிழலில்தான். 36 டிகிரியில் 3,085 அடி. போல்ட் விரலால் தூக்கியது. நான்கு தாளின் சராசரி 24 மில்லிமீட்டர். நீளத் துண்டு மருந்தைவிட 3 மில்லிமீட்டர் பெரிது. நான்கு தாளை வைத்துக்கொண்டு 3 மில்லிமீட்டருக்கு வாதாடுவது வீண். நான் காலையில் சாப்பிடாமல் போனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். 50 தோட்டா நிரப்ப 25 நிமிடம், டார்ச் சோதனையும் சேர்த்து.

செலவுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். இந்த அளவுக் கூட்டுக்கு 270, 280 தோட்டா வரும். நான் வாங்கிய விலையில், ஒரு தோட்டாவில் மருந்தின் பங்கு குண்டின் விலையைவிடக் குறைவு. மலிவான மருந்தைத் தேடி அலைவது அர்த்தமில்லாத வேலை. எனக்கு நிஜமாகச் செலவு வைத்தது தப்பான மருந்தோடு சேர்ந்து போன குண்டுகளும் ப்ரைமர்களும்தான். எடைக்கற்கள் ஒரு டப்பா மருந்தைவிட மலிவு. அவற்றை முதல் நாளே வாங்கியிருந்தால் நீளத் துண்டு மருந்தோடு போராடிய இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முதல் டப்பாக் காலத்தில் மெஷரின் தொட்டியில் மருந்தை இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டுவிட்டேன். கண்ணாடி மாதிரி இருந்த பிளாஸ்டிக் உள்பக்கம் பழுப்பேறி மங்கிவிட்டது. நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து பிளாஸ்டிக்கை அரிக்கும். தொட்டி போனது பெரிதில்லை. திரும்பி வந்தபோது உள்ளே இருப்பது எந்த மருந்து என்று நூறு சதவீதம் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, அதுதான் பெரிது. நிச்சயமில்லாத மருந்தைப் பயன்படுத்தக் கூடாது, வீணாக்கினேன். இப்போது மேசைமேல் எப்போதும் ஒரே டப்பா, மற்றவை பூட்டிய அலமாரியில். வேலை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து அதே டப்பாவில் கொட்டி, உருளையில் மருந்துக்குக்கூட ஒரு மணி தங்காதபடி தட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அடுத்த முறை ஒரே லாட் எண், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியின் எண், போட்ட இரண்டு டப்பாவைச் சேர்த்து வாங்குவேன். மூன்றாவது டப்பா தீர்ந்து அதே மருந்தில் புது டப்பா திறந்தபோது லாட் எண் வேறாக இருந்தது. பெயர் ஒன்று, நிறம் ஒன்று, மணியின் அளவும் ஒன்று. இருந்தாலும் அளவை ஒன்றரை கிரெயின் இறக்கி, பழையபடி 0.3 கிரெயினாக ஏறி வந்தேன். பழைய எடையைத் தொட்டபோது வேகம் 25 அடி கூட இருந்தது. மெஷரின் திருகாணியை ஒரு கோடு பின்னால் திருப்பினேன். தொடக்கத்தில் சொன்ன 20 தோட்டா அந்தப் புது டப்பாவில் நிரப்பியதுதான். டப்பாவின் மூடியில் லாட் எண்ணையும் திறந்த தேதியையும் திருகாணியின் எண்ணையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு இன்னும் நூறு நிரப்ப வேண்டும். ஆனால் இந்தக் கூடுகள் ஆறாவது தடவை சுட்டவை, இரண்டின் கழுத்தில் மெல்லிய விரிசல் தெரிகிறது. முதலில் அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.